மூன்றாவது கரண்டி

நான்கே நான்கு சாமான்கள்தான்: போர்பன், புதினா, சீனிப்பாகு, நொறுக்கிய ஐஸ். நான் வேலை செய்யும் ஹோட்டலின் மூத்த பார்மேன் அந்தப் பானத்தைச் செய்யும் விதத்தை ஒரு பில் கடதாசியின் பின்பக்கத்தில் எழுதித் தந்தபோது, இதைவிட லேசான வேலை இருக்க முடியாது என்றுதான் நினைத்தேன். கிளாசில் பாகை ஊற்றி, பத்துப் புதினா இலைகளைப் போட்டு, மரக்கட்டையால் மெல்ல அழுத்த வேண்டும். அதன்மேல் போர்பன். அது அமெரிக்காவில் சோளத்திலிருந்து செய்கிற விஸ்கி. பிறகு கிளாஸ் நிரம்ப ஐஸ்தூள். ஒரு கலக்கு. கிளாசின் வெளிப்பக்கம் பனி பூத்து வெளுத்ததும் உச்சியில் ஒரு புதினாக் கொத்தைக் குத்தி வைத்தால் முடிந்தது. வெயிலில் அலைந்துவிட்டு வருகிற வெள்ளைக்காரர்களுக்கு அது அமிர்தம் என்றார்.

கண்டி வாவிக்கு மேலே, மலைச்சரிவில் இருக்கிற சிறிய ஹோட்டல் அது. அங்கே பாரில் எனக்கு ஆறு மாதத் தகுதிகாண் காலம் முடிய ஒரு கிழமைதான் இருந்தது. சனிக்கிழமை பின்னேரம் மானேஜர் முன்னால் இந்தப் பானத்தைச் செய்து காட்ட வேண்டும். அவர் குடித்துப் பார்த்துத் தலையாட்டினால் வேலை நிரந்தரம்.

செய்யத் தெரிந்தது. சரியாக வந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் வழி இல்லை. நான் குடிப்பதில்லை. ஒரு சொட்டுக்கூட என் நாக்கில் பட்டதில்லை. மற்றப் பானங்களை எல்லாம் அளவுக் கோப்பையை நம்பியே ஆறு மாதம் ஓட்டியிருந்தேன். இதில் அது செல்லவில்லை. இலையை எவ்வளவு அழுத்துவது, ஐஸ் எவ்வளவு கரையலாம் என்பதெல்லாம் வாய்க்குத்தான் தெரியும்.

“மல்லி, நீ உப்புப் பாக்காம சமைக்கிற கோக்கி,” என்றார் மூத்த பார்மேன். அவர் சிங்களவர். மல்லி என்றால் தம்பி; நான் அவரை அய்யே, அண்ணன், என்பேன். என்னோடு தமிழ் பேசிப் பார்ப்பது அவருக்கு ஒரு விளையாட்டு. “கொஞ்சம் குடி. மருந்து நினைச்சுக் குடி.”

“ஏலாது அய்யே.”

“அப்ப நீ பன்சலைக்குப் போய்ச் சாமியார் ஆகு. பாருக்கு என்னாத்துக்கு வந்த?”

சிரித்தாரே தவிர, உதவி செய்தார். ஒரு வெள்ளைக்காரத் தம்பதி விட்டுப்போன போர்பன் போத்தலில் கால்வாசி மிஞ்சியிருந்தது. மூன்று கிளாசுக்குக் காணும். அதை வெளியே கொண்டுபோக மானேஜரிடம் கேட் பாஸில் கையெழுத்து வாங்கித் தந்தார். வெள்ளிக்கிழமை போயா, பௌர்ணமி லீவு. போயா நாளில் நாடு முழுவதும் மதுபானம் விற்கக்கூடாது, எங்கள் பாரும் பூட்டு. “முழு நாளும் உனக்கு. வீட்டுல செய்யி. யாருக்காவது குடுத்துக் கேளு,” என்றார்.

அந்தக் கிழமை என் வீட்டில் யார் வந்து இருந்தார்கள் என்பது அவருக்குத் தெரியாது.

என் அப்பா கலஹாவுக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில், தேயிலை ஃபெக்டரியில் முப்பது வருடம் வேலை செய்தவர். எங்கள் ஆட்கள் அதை ஸ்டோரு என்பார்கள். எனக்கு நினைவு தெரிந்த நாளில் இருந்து அவர் குடித்தார். அவர் அடிதடிக்காரர் இல்லை. குடித்துவிட்டு எங்கேயாவது விழுந்து கிடப்பார், அவ்வளவுதான். என் உயர்தரப் பரீட்சையின் முதல் நாள் காலையில் மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்துச் சாக்கடைக் கானில் கிடந்தார். எங்கள் குடும்பத்தில் அந்தப் பரீட்சை மண்டபம் வரைக்கும் போன முதல் ஆள் நான். வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் காற்சட்டையும் போட்டுக்கொண்டு அவரைத் தாண்டித்தான் பஸ்ஸுக்குப் போனேன். தூக்கவில்லை. அவர் விழித்துக்கொள்ளவில்லை என்பது எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியைத்தான் இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

பாஸ் பண்ணினேன். பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதவில்லை. வாத்தியாராவேன் என்று எங்கள் லயத்து வீடுகளில் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அதுவும் கிடைக்கவில்லை. ஹோட்டல் கோர்ஸ் ஒன்று படித்தேன். இங்கிலீஷ் பேச வரும் என்பதால் முதலில் வரவேற்பு மேசைக்கு எடுத்தார்கள், பிறகு பாரில் ஆள் இல்லை என்று அங்கே மாற்றினார்கள். அப்பாவின் குடியால் நாசமான வீட்டில் படித்து வந்த ஒரே பிள்ளை கடைசியில் போத்தலைத் திறந்து ஊற்றுகிற வேலைக்குப் போனான். இதை ஊரில் யாரும் என் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. அம்மா மட்டும் ஒன்று சொன்னார்: “நீ ஊத்து தம்பி. ஊருக்கே ஊத்து. ஒன் வாய்க்குள்ள மட்டும் போகக்கூடாது.” சரி என்றேன்.

போன வருடம் அப்பா இரத்தமாக வாந்தி எடுத்தார். கண்டி ஆஸ்பத்திரியில் டாக்டர் சிங்களத்தில் சொன்னதை நான்தான் அவருக்குத் தமிழில் சொன்னேன். ஈரல் பாதி போய்விட்டது, இனி ஆரம்பித்தால் திரும்ப இங்கே கொண்டுவந்து பயன் இல்லை. கொஞ்சம் குறைத்துச் சொல்லலாமா என்று யோசித்தேன். குறைக்கவில்லை. அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

வீட்டுக்கு வந்த வெள்ளிக்கிழமை அம்மா எங்கள் இருவரையும் மாரியம்மன் கோயிலுக்கு அழைத்துப் போனார். எங்கள் பக்கத்தில் பெரிய சத்தியம் என்றால் சூடம் அணைத்துச் செய்வதுதான். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துவிட்டுச் சொன்ன சொல் மீறக்கூடாதது. அப்பா இடது கையை என் தலையில் வைத்துக்கொண்டு, வலது கையால் சூடத்தை அணைத்தார். “இனிமே குடிக்க மாட்டேன். எம்புள்ள மேல சத்தியம்,” என்றார். அவர் மீறினால் அது என் மேல் விழும் என்பது அம்மாவின் நம்பிக்கை. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஈரல் கதையில் நம்பிக்கை இருந்தது.

பதினான்கு மாதம் அவர் குடிக்கவில்லை.

மாதத்துக்கு ஒரு தடவை கிளினிக்குக்காகக் கலஹாவிலிருந்து அம்மாவும் அப்பாவும் பஸ் ஏறி வருவார்கள். அம்பிட்டிய வீதியில் ஒரு வீட்டின் கீழ்ப்பகுதியில் எனக்கு ஒரு அறையும் குசினியும் இருக்கின்றன. ஒரு இரவு தங்கிவிட்டுப் போவார்கள். இந்த முறை புதன் மாலை வந்தார்கள். வியாழன் காலை கிளினிக்கில் இரத்தம் எடுத்தார்கள். மறுநாள் போயா லீவு என்பதால் ரிப்போர்ட் சனிக்கிழமைதான் தருவோம் என்று சொல்லிவிட்டார்கள். அதனால் தங்கிவிட்டார்கள். நான் வியாழன் மாலை போத்தலோடு வந்து நின்றேன்.

அலுமாரியில் உடுப்புகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். அம்மா பத்து நிமிடத்தில் எடுத்துவிட்டார். கால் நூற்றாண்டு போத்தல் தேடிய கை அது.

“இது என்னா தம்பி?”

“வேலைக்கும்மா. சனிக்கெழம செஞ்சு காட்டணும். நாளைக்கிப் பழகிட்டுத் திருப்பிக் குடுத்துருவேன்.”

“இங்கயா பழகுற? நாங்க இருக்கயிலயா?”

“நீங்க இன்னிக்கிப் போயிருவீங்கன்னு நெனச்சேன்.”

அப்பா கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். திரும்பாமலே சொன்னார்: “அவன் வாசப்படி ஏறயிலயே எனக்குத் தெரியும்.”

“மூடி தொறக்கவே இல்லியேப்பா.”

“தெரியும்னேன்ல. நீ ஒன் வேலயப் பாரு. நான் என்ன சின்னப் புள்ளயா?”

வெள்ளி காலையில் புதினா வாங்க டவுனுக்குப் போனேன். கண்டி மார்க்கெட்டில் நான் வழக்கமாகக் காய்கறி வாங்குகிற முஸ்லிம் கடைக்காரர் ஒருவர் இருக்கிறார், நானா என்றுதான் கூப்பிடுவேன். ஐந்து வேளையும் தொழுகிற மனிதர். நெற்றியில் தழும்பு. விஸ்கிக்குப் புதினா வேண்டும் என்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

“என்ன மகன், புரியாணியா?”

“ஆமா நானா.”

“எத்தின பேருக்கு?”

அதை நான் யோசித்து வரவில்லை. “ஒரு எட்டுப் பேருக்கு.”

“எட்டுப் பேருக்கு ஒரு கட்டு பத்தாது. ரெண்டு எடுங்க, நல்ல எல இரிக்கி. கோழியா, ஆடா?”

“கோழி.”

“அப்ப மல்லியெல நான் சும்மா தாரன். பெருநாள் இல்லாத நாளையில புரியாணி போடுற ஆளுக்குச் சும்மா குடுக்கணும்.” பக்கத்துக் கடைக்காரரிடம் திரும்பி, “இந்த மகன் வீட்டுல இண்டைக்கி விசேஷம். எங்கள மட்டும் கூப்பிடல்ல,” என்று கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஜும்மாவுக்கு நேரமாகிறது என்று அவசரமாகக் கட்டித் தந்தார். மல்லியிலை பையில் மேலே நீட்டிக்கொண்டு வீடு வரைக்கும் மணத்தது.

முதலில் வெறும் தேயிலைச் சாயத்தை வைத்துப் பழகினேன். பால் ஊற்றாத பிளேன்டியும் போர்பனும் நிறத்தில் அண்ணன் தம்பி. கையில் அளவு படிய வேண்டும், அவ்வளவுதானே. அம்மா தானாகவே வந்து உதவினார். சீக்கிரம் முடிந்தால் அந்தப் போத்தல் சீக்கிரம் வீட்டைவிட்டுப் போகும் என்பது அவர் கணக்கு. மெல்ல அழுத்த வேண்டிய புதினாவை, நான் பாகு காய்ச்சுகிற நேரத்துக்குள், சம்பலுக்கு இடிப்பதுபோல் உரலில் போட்டு இடித்துப் பச்சை விழுதாக்கிவிட்டார். நான் சொன்னதும் உரலைக் கழுவி அதே உரலில் ஐஸை இடித்தார்.

அப்பா கதிரையை இழுத்துப் போட்டுக் குசினி வாசலில் உட்கார்ந்தார். நான் கொடுத்த சாயக் கிளாசை ஒரு வாய் குடித்தார்.

“இதுக்கா வெள்ளக்காரன் டொலரு குடுக்குறான்? ஐஸ்ல வெள்ளப்பூண்டு நாறுதுடா.”

“உரலு அப்பிடித்தான் இருக்கும். நெதம் இஞ்சியும் பூண்டும் இடிக்கிறோம்ல,” என்றார் அம்மா.

“அதான் சொல்றேன். இதக் குடிச்சா அவனுக்குச் சளி தடிமன் எல்லாம் போயிரும்.”

மூவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பில் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. அடுத்த ஐஸைச் சுத்தமான துணியில் சுற்றி, ரொட்டிக் கட்டையால் தட்டி நொறுக்கினேன். நல்ல தூளாக வந்தது. சாயம் ஊற்றி நாலு கிளாஸ் செய்தேன். கை படிந்தது. கிளாசில் பனி பூத்தது. அப்பா நாலையும் குடித்துவிட்டு, நாலாவதுதான் பார்க்க லட்சணமாக இருக்கிறது என்றார்.

பிறகு போத்தலைத் திறந்தேன்.

அந்த மணம் சாராய மணம் இல்லை. கருகின சீனியும் பழைய பலகையும் சேர்ந்த மாதிரி இருந்தது. அம்மா எழுந்துபோய் ஜன்னலைத் திறந்து வைத்தார். முதல் கிளாசைச் செய்து மேசையில் வைத்துவிட்டு அதன் முன்னால் நின்றேன். பார்க்க அழகாக இருந்தது. உதடுவரை கொண்டுபோனேன். குளிர் உதட்டில் பட்டது. கீழே வைத்தேன்.

இதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அம்மாவுக்குக் கொடுத்த சொல் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அது எனக்குப் பிடித்துவிடுமோ என்ற பயம். அவருடைய இரத்தம்தானே எனக்கும்.

“நான் இருக்கேன்ல,” என்றார் அப்பா.

“என்னா இருக்கீங்க?” என்றார் அம்மா.

“டீ மேக்கர் ஐயா ருசி பாக்குற மாதிரி பாத்துச் சொல்றேன்.”

எங்கள் ஸ்டோரில் ஒவ்வொரு நாளும் காய்ந்து வந்த தூளை டீ மேக்கர் ருசி பார்ப்பார். நீள மேசையில் வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் கரண்டியை விட்டு, சர்ரென்று சத்தமாக உறிஞ்சி, வாய்க்குள் உருட்டி, பக்கத்தில் உள்ள உயரமான டின்னில் துப்பிவிடுவார். விழுங்குவதில்லை. அப்பா கடைசிப் பத்து வருடமும் அந்த அறையில்தான் இருந்தார். கோப்பை கழுவி அடுக்குவது, டின்னை ஊற்றிக் கழுவுவது அவர் வேலை.

“சத்தியம் பண்ணிருக்கீங்க,” என்றார் அம்மா.

“என்னான்னு பண்ணினேன்? குடிக்க மாட்டேன்னுதான. குடிக்கிறதுன்னா முழுங்குறது. டீ மேக்கர் ஐயா ஒரு நாளைக்கி நாப்பது கோப்ப வாயில எடுப்பாரு. அவரு நாப்பது டீ குடிச்சாருன்னு யாராச்சும் சொல்லுவாங்களா?”

“நல்லா இருக்கே ஒங்க ஞாயம். வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம்.”

“படிக்க வச்சா படிச்சிருப்பேன். எங்கப்பன் கொழுந்துக் கூடைய தூக்கச் சொன்னான்.”

“ஏங்க, வெளையாடாதீங்க.”

“வெளையாடலடி. அவனுக்கு நாளைக்கி வேல. நான் ஒரு நாள் அவன ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போனதில்ல. ஒரு பரீச்சைக்கி ஒரு பேன வாங்கிக் குடுத்ததில்ல. இது ஒண்ணுதான் எனக்குத் தெரிஞ்ச விசயம். இதயாச்சும் செய்ய விடு.”

அம்மா என்னைப் பார்த்தார். “ஒன் தலையில கைய வச்சுச் சொன்ன சத்தியம். நீதான் சொல்லணும்.”

வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு வினாடிதான் வேண்டியிருந்தது. அந்த ஒரு சொல்லுக்காக இரண்டு பேரும் காத்திருந்தார்கள். நான் மேசையில் இருந்த கிளாசைப் பார்த்தேன். ஐஸ் கரையத் தொடங்கியிருந்தது. சனிக்கிழமையை நினைத்தேன். பரீட்சைக்குப் பேனை வாங்கித் தராததை அவர் நினைவில் வைத்திருக்கிறார் என்பதை நினைத்தேன். கானில் கிடந்தது அவருக்கு ஞாபகம் இருக்குமா என்று நினைத்தேன். எவ்வளவோ நினைத்தேன், சொல்லத்தான் இல்லை.

அம்மா ஊற வைத்திருந்த உடுப்பு வாளியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் பைப்படிக்குப் போய்விட்டார்.

அப்பா சிவப்பு பிளாஸ்டிக் வாளியைக் காலடியில் வைக்கச் சொன்னார். மேசைக்கரண்டி கேட்டார். கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் அப்படி நிமிர்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. முதல் கரண்டி. சர்ரென்று உறிஞ்சினார். கன்னம் இடமும் வலமும் அசைந்தது. வாளியில் துப்பினார்.

“சீனிப் பாணி மாதிரி இருக்கு. சீனியில பாதிய எடு.”

அந்தக் கிளாசை ஊற்றிவிட்டேன். இரண்டாவதைப் பாதிப் பாகில் செய்தேன். உறிஞ்சினார், உருட்டினார், துப்பினார்.

“சீனி சரி. எல கசக்குது. போட்டு ரொம்ப நசுக்கிட்ட. கொழுந்த ரோலர்ல கூட நேரம் விட்டா இதே கதிதான். காயம் பட்டாப் போதும், சாகக்கூடாது.”

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆறு மாதமாக யாரும் எனக்கு இவ்வளவு தெளிவாக ஒன்றைச் சொன்னதில்லை. சந்தோஷமாகக்கூட இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் போத்தலைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டுவரை ஊற்றி மூன்றாவதைச் செய்தேன். இலையைக் கட்டையால் தொட்டேன், அவ்வளவுதான். ஐஸைக் குவித்தேன். கலக்கினேன். கொத்தைக் குத்தினேன். கிளாஸ் வெளுத்தது.

அவர் கரண்டியை விட்டு எடுத்தார். உறிஞ்சினார். இந்த முறை சத்தம் மெதுவாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டார். கன்னம் அசையவில்லை. பின்பக்கம் அம்மா உடுப்பைக் கல்லில் அடிக்கிற சத்தம் நின்றிருந்தது.

“சரியா இருக்கு,” என்றார் அப்பா.

தெளிவாகச் சொன்னார். வாயில் ஏதாவது இருந்தால் ஒருவரால் அப்படிச் சொல்ல முடியாது. வாளி அவர் காலடியில்தான் இருந்தது. அவர் குனியவில்லை.

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். நான் பார்த்துவிட்டேன் என்று அவருக்குத் தெரிந்தது. அவர் இடது கை கிளாசைச் சுற்றிப் பிடித்திருந்தது. “நல்லா ஜில்லுன்னு இருக்கு,” என்றார். “குடுங்கப்பா,” என்றேன். கொடுத்தார். பிடுங்க வேண்டி வரவில்லை. ஆனால் விரல்கள் ஒவ்வொன்றாகத்தான் விட்டன. நான் அதைத் தொட்டியில் ஊற்றினேன். ஐஸும் இலையும் சல்லடையில் தங்கி நின்றன. அவர் கதிரையில் இருந்தபடியே, தண்ணீர் போய் முடியும்வரை அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா உள்ளே வந்து, ஈரக் கையோடு வெறும் போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். “முடிஞ்சுதா?” என்றார். “முடிஞ்சுது,” என்றார் அப்பா. இரவு சாப்பாட்டுக்கு மல்லியிலை போட்டு ரசம் வைத்தார் அம்மா. அப்பா இரண்டு தரம் கேட்டு வாங்கினார்.

சனி காலையில் நான் போய் ரிப்போர்ட்டை எடுத்து வந்தேன். போன மாதத்தைவிட நன்றாக இருக்கிறது, மருந்தைத் தொடரட்டும் என்றார்கள். அப்பா அதை வாங்கி, வாசிக்கத் தெரியாவிட்டாலும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மடித்துப் பையில் வைத்தார். வியாழக்கிழமை எடுத்த இரத்தம் அது. வெள்ளிக்கிழமையைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

பின்னேரம் மானேஜர் முன்னால் செய்து காட்டினேன். பாதிப் பாகு, காயம் பட்ட இலை. அவர் ஒரு வாய் குடித்தார், நிறுத்தினார், இன்னொரு வாய் குடித்தார். “நைஸ்,” என்றார். திங்கட்கிழமை கடிதம் வரும் என்றார். மூத்த பார்மேன் மிச்சத்தை எடுத்துக் குடித்துவிட்டு என் தோளில் தட்டினார்.

“எங்க மல்லி பழகின? யாரு ருசி பாத்தது?”

“எங்கப்பா.”

“அப்பிடிச் சொல்லு! அப்பா நல்ல குடிகாரன் போல. ஒரு நாளைக்கிக் கூட்டிட்டு வா, நம்ம கணக்குல ஊத்துறன்.”

எல்லோரும் சிரித்தார்கள். அவர் மேல் ஒரு பிழையும் இல்லை.

ஞாயிறு காலை அவர்களைக் கலஹா பஸ்ஸில் ஏற்றிவிடப் போனேன். பஸ் வர நேரம் இருந்தது. அப்பா வடை வாங்க எதிர்ப்பக்கக் கடைக்குப் போனார். அவர் ரோட்டைக் கடக்கும்வரை அம்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

“மூணாவது தடவ துப்புற சத்தம் கேக்கல தம்பி.”

நான் பஸ் வருகிற பக்கம் பார்த்தேன்.

“நான் எண்ணிக்கிட்டுத்தான் தொவச்சேன். ரெண்டு கேட்டுச்சு. மூணாவது கேக்கல.”

“ஆமாம்மா.”

“எவ்வளவு?”

“ஒரு கரண்டி.”

“ஒரு கரண்டி,” என்று அவரும் சொல்லிப் பார்த்தார். என்னைத் திட்டவில்லை. “நீ அங்கதான இருந்த?” என்று மட்டும் கேட்டார். குற்றம் சாட்டுவதுபோல் இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல் கேட்டார். அங்கேதான் இருந்தேன். பக்கத்தில், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில்.

பிறகு அத்தனை சனத்துக்கும் நடுவில் என் தலையை இரண்டு கையாலும் தடவி வழித்து, தன் நெற்றிப்பொட்டில் விரல்களை மடக்கி நெட்டி முறித்தார். “ரோட்டப் பாத்துப் போ. ஒரு மாசத்துக்கு ஆத்துல கொளத்துல எறங்காத. ஆட்டோவுல போகாத,” என்றார். நான் சரி என்றேன். அப்பா எண்ணெய்க் கடதாசியில் வடையோடு வந்தார். “ஆத்தாளும் மவனும் என்னா ரகசியம்?” என்று கேட்டார். “ஒண்ணுமில்ல, வேல நெலச்சதுக்குத் திருஷ்டி கழிச்சேன்,” என்றார் அம்மா. அப்பா சந்தோஷப்பட்டு எனக்கு இரண்டு வடை தந்தார்.

இது நடந்து நான்கு கிழமை ஆகப்போகிறது. அந்தப் பானம் ஹோட்டலில் நன்றாகப் போகிறது. ஒரு நாளைக்கு ஆறு ஏழு செய்கிறேன். பின்னேரம் பார் திறக்குமுன் தினமும் வீட்டுக்குப் போன் எடுக்கிறேன். முன்பு கிழமைக்கு ஒரு தடவைதான் எடுப்பேன். அம்மா முதலில் பேசுவார். “ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்காரு,” என்பார். அதன் பொருள் எனக்குத் தெரியும். தோட்டத்துக் கடைச் சந்திக்கு அவர் போனால் எவ்வளவு நேரத்தில் திரும்புகிறார் என்று பார்ப்பதாகவும், வந்ததும் கிட்டப் போய் நிற்பதாகவும் ஒரு நாள் சொன்னார். இதுவரைக்கும் ஒன்றும் இல்லை. ஒரு கரண்டியோடு நின்றுவிட்டதா, இல்லையா என்று இங்கிருந்து என்னால் பார்க்க முடியாது. அவர் பேசும்போது சொற்கள் குழைகிறதா என்று கேட்பதைத் தவிர எனக்கு வேறு வேலை இல்லை. கேட்கிறேன் என்று அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். இப்போதெல்லாம் ஒவ்வொரு சொல்லாக அழுத்திப் பேசுகிறார்.

நேற்று அம்மாவிடமிருந்து போனை வாங்கினார்.

“வியாழக்கெழம கிளினிக்குக்கு வாறோம். அந்த டிரிங்க் ஓடுதா?”

“ஓடுதுப்பா. நல்லா ஓடுது.”

“பாத்தியா.” என்றார். “வேற புதுசா எதாச்சும் செஞ்சு காட்டச் சொன்னாங்களா?”

பின்னால் அம்மா பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றது. அப்பா சிரித்தார், பகிடிக்குத்தான் கேட்டேன் என்பதுபோல. நானும் சிரித்தேன். மானேஜர் சீசனுக்கு இரண்டு புதுப் பானம் வேண்டும் என்று அன்று காலையில்தான் ஒரு தாளில் எழுதித் தந்திருந்தார். அது என் சட்டைப் பையில் இருந்தது.

“இல்லப்பா,” என்றேன்.

“சரி. இருந்தாச் சொல்லு,” என்றார்.